சேலாவுக்குச் சீட்டு

கிருபாபுரம் கிறிஸ்தவச் சபையின் சேகரக் கமிட்டிக்கு அன்று மூன்று வேலைகள் இருந்தன. கோயில் தாழ்வாரத்துக்கு ஓடு மாற்றுவது ஒன்று. அசன விருந்துக்கு ஆடு எங்கே பிடிப்பது என்பது ஒன்று. சத்தியநேசன் சாரின் மனைவி தங்கபுஷ்பத்தின் கல்லறைக்கல்லில் என்ன வெட்டலாம் என்று அனுமதி தருவது மூன்றாவது. ஓடு சீக்கிரம் முடிந்தது. ஆடு கொஞ்சம் கூச்சலுக்குப் பிறகு முடிந்தது. கல்லறைக்கல்லில் பேச என்ன இருக்கிறது என்று நம்பித்தான் ஞானசிகாமணி ஐயர் அதைக் கடைசியில் வைத்திருந்தார். அந்தப் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். கூட்டம் நடந்தது ஐயர் குடியிருந்த பங்களாவில்.

சத்தியநேசன் தாளை நீட்டினார். பெயர், பிறந்த நாள், இறந்த நாள், நாற்பத்தாறாம் சங்கீதத்தில் ஒரு வசனம். அதற்குக் கீழே தனி வரியில் ஒரே ஒரு சொல்: சேலா.

கமிட்டிச் செயலாளர் வன்னியராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவருக்கு ரைஸ்மில் இருந்தது. எதையும் கையில் அள்ளி உருட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார்.

"இது எதுக்கு சார்?"

"வசனத்தோட சேந்ததுதான வே. வேதப்புஸ்தகத்துல இருக்கு."

"இருக்குல்லா. அர்த்தம் என்ன?"

சத்தியநேசன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வாழ்நாளெல்லாம் சரித்திரம் நடத்தியவர், எபிரேய எழுத்துகளைத் தபால்வழிப் பாடத்தில் கற்றவர், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாய்மூடியதை அந்த ஊர் முதல் முறையாகப் பார்த்தது.

"விதி ஒண்ணு இருக்கு, ஐயா" என்று வன்னியராஜ் ஐயரின் பக்கம் திரும்பினார். "பொருள் விளங்காத சொல்லையோ, கல்லறைக்குப் பொருந்தாத சொல்லையோ வெட்டக் கூடாது."

விதி உண்மை. அதை எழுதியவரே சத்தியநேசன்தான். முன்பு அவர் செயலாளராக இருந்தபோது, வன்னியராஜ் தன் தகப்பனாரின் கல்லில் 'மில் அதிபர்' என்று போட வேண்டும் என்று வந்து நின்றார். பரலோகத்தில் நெல் குத்துவதில்லை என்று சொல்லி அதை அடித்ததோடு நிற்காமல், இனி ஒருவரும் இப்படிக் கேட்காதபடிக்கு நல்ல தமிழில் ஒரு விதியும் எழுதி நிறைவேற்றினார். அந்தத் தமிழ் இப்போது அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

"அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடுவோம்" என்றார் ஐயர். அவருக்கு எதையும் அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளப் பிடிக்கும்.

சேலா என்பது, தாவீது ராஜா பாடினதாகச் சொல்கிற வேதப்புஸ்தகத்துச் சங்கீதங்களில் சில வசனங்களின் கடைசியில் வரும் சொல். மொழிபெயர்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் பிடிபடவில்லை. எபிரேயத்தில் கேட்ட சத்தத்தை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, இருக்கட்டும் என்று போய்விட்டார்கள். படித்தவர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். பாடுகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று ஒரு கட்சி. குரலையோ வாத்தியத்தையோ உயர்த்த வேண்டும் என்று ஒரு கட்சி. என்றென்றும் என்றுதான் அர்த்தம் என்று ஒரு கட்சி.

இதில் சத்தியநேசன் உயர்த்தும் கட்சி. வீட்டில் மாலை ஜெபத்தில் முறைப்படி நாளுக்கொரு சங்கீதம் வாசிப்பார்கள். சேலா வந்ததும் அவர் குரல் கூரையைத் தொடும். கொட்டிலில் பசு பதறி எழுந்திருக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ஐயம்பெருமாள் பிள்ளை மறுநாள் காலையில் பால் வாங்க வரும்போது, "நேத்து உம்ம வீட்டுல மூணு கேட்டுதே ஓய்" என்று கணக்கு ஒப்பிப்பார்.

தங்கபுஷ்பம் நிறுத்தும் கட்சி. அதற்கு அவள் எந்தப் புத்தகமும் பார்க்கவில்லை. சேலா வந்ததும் எழுந்து அடுக்களைக்குப் போவாள். அடுப்பைத் தணிப்பாள், ஒரு கிண்டு கிண்டுவாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்காருவாள். அவள் வரும்வரை அவர் அடுத்த வசனத்துக்குப் போகக் கூடாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை போய்விட்டார். அன்று குழம்பு அடிப்பிடித்ததற்குத் தாவீது ராஜாவின் பேரில் பழி விழுந்தது.

நாளாவட்டத்தில் அந்த வீட்டின் சமையலே சங்கீதத்தின்படி நடந்தது. காலையிலேயே புஸ்தகத்தைப் புரட்டி அன்று என்ன சங்கீதம் என்று பார்த்துவிடுவாள். சேலா உண்டென்றால் பக்குவம் பார்க்க வேண்டிய பதார்த்தம் எதுவானாலும் ஏற்றுவாள். சேலா இல்லையென்றால் துவையல். நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதம் ஊர்வலம்போல நீளமானது, அதில் ஒரு சேலாகூடக் கிடையாது. அன்றைக்குப் பழையதும் மோர்மிளகாயும்தான்.

"தேவனுடைய வார்த்தைய அடுப்போட சேத்து வச்சிக்கிட்டு வாசிக்கே" என்பார் அவர்.

"பாடுதவன் மூச்சு விடணும்லா. அவன் மூச்சு விடுத நேரத்துல நான் கொளம்பக் கிண்டுதேன். ஒங்களுக்கு என்ன கொறஞ்சி போச்சி?"

அவர் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறி, நூலகத்தில் உட்கார்ந்து, பெரிய பெரிய புத்தகங்களாகப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். திருச்சபைப் பத்திரிகை ஒன்று அதை அச்சிட்டது. 'சேலா: குரலை உயர்த்துங்கள்' என்று தலைப்பு. அதில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: 'இதை நிறுத்தம் என்று கொள்வோர் வெறும் அடுக்களை வியாக்கியானிகளே.'

பத்திரிகையைத் தங்கபுஷ்பம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். அன்று மாலைச் சங்கீதத்தில் இரண்டு சேலா. அவர் இரண்டு தரமும் கட்டுரை எழுதியவருக்கு உரிய கம்பீரத்தோடு உயர்த்தினார். அவள் இரண்டு தரமும் அசையவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் வெறும் சோறு.

"தொட்டுக்கிட?"

"வியாக்கியானம் இருக்குல்லா. அதத் தொட்டுக்கிடுங்க."

மறுநாளிலிருந்து பழையபடி எழுந்து போக ஆரம்பித்துவிட்டாள். அவரும் பழையபடி காத்திருந்தார். இப்படி இருவரும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு ஆயுளை ஓட்டினார்கள். மகள் கல்யாணமாகி நாக்பூருக்குப் போனபிறகு, பேச்சுக்கு வேறு ஆள் இல்லாததால், சண்டை இன்னும் நேர்த்தியாக நடந்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் சித்திரையில் ஒரு நாள் நாற்பத்தாறாம் சங்கீதத்தின் முறை வந்தது. அடுப்பில் சொதி. தேங்காய்ப்பால் திரிந்துவிடாமல் பார்க்க வேண்டும். மூன்றாம் வசனத்தின் கடைசியில் சேலா. அவர் உயர்த்தினார், அவள் எழுந்து போனாள். அவர் காத்திருந்தார். இன்றைக்குக் கொஞ்சம் தாமதம், தேங்காய்ப்பால் விஷயம், அவசரப்படுத்தினால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று பொறுமையாகவே காத்திருந்தார். தீய்ந்த வாடை வந்தபிறகுதான் போய்ப் பார்த்தார். அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருதயம் என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாலாம் வசனம் வாசிக்கப்படவில்லை. மற்றவர்களுக்கு அவள் அடுப்படியில் செத்துப்போனாள். அவருக்கு அவள் ஒரு சங்கீதத்தின் பாதியில், சேலாவில் எழுந்து போயிருந்தாள். அந்த இடத்தைக் கல்லில் குறித்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வேறு ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் இதைக் கமிட்டியில் எந்த வாயால் சொல்வது?

கல்வெட்டும் முத்துமாலை வேறு நெருக்கினான். வசனம்வரை வெட்டி முடித்துவிட்டான். முதலாம் ஆண்டு ஜெபத்துக்குள் கல் நிற்க வேண்டும்.

"சார், கடைசி எடத்தை வெட்டவா, கொத்திச் சமமாக்கிடவா? ஒத்த வார்த்தைக்கி கல்லு பட்டறையில குந்திக்கிட்டிருக்கு."

"பைய இரு டே. கமிட்டி சொல்லணும்."

"கமிட்டி சொல்லுததுக்குள்ள எனக்கே நீங்க வேற கல்லு வெட்டணும் போலுக்கே."

பட்டறையிலிருந்து வரும் வழியில் வாய்க்கால் பாலத்தில் ஐயம்பெருமாள் பிள்ளை உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நெற்றி நிறைய விபூதி. சத்தியநேசன் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளை சபைக்கு வெளியே இருந்தவர் என்பதால் சொல்வது எளிதாக இருந்தது.

பிள்ளை கேட்டு முடித்து மூக்குப்பொடியை உதறினார். "அர்த்தம் தெரிஞ்ச வார்த்தைய வச்சிச் சண்டை போட்ட புருசன் பொண்டாட்டிய நெறயப் பாத்திருக்கேன் ஓய். நீங்க ரெண்டு பேரும் தெரியாத வார்த்தைக்கே இப்படிப் போட்டிருக்கிய. பெரிய தம்பதிதான். இதை அப்பிடியே அங்கன சொல்லும்."

"அடுப்பக் கொண்டுபோயி கமிட்டியில வைக்கச் சொல்லுதீரா?"

"ஏன், டீ போடாமலா அவ்வொ பேசுதாவ?"

சத்தியநேசன் சொல்லுவதில்லை என்று முடிவு செய்தார். கட்டுரை எழுதியவர் கட்டுரைக்காரராகவே போவது என்று, எபிரேய வேர்ச்சொல், கிரேக்க மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் மனசில் அடுக்கிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனார்.

நன்றாகத்தான் பேசினார். சேலா என்றால் உயர்த்துங்கள். உயிர்த்தெழுதலைக் குறிக்கும். கல்லறைக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

வன்னியராஜ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "சார், கல்லுல 'தூக்குங்க'ன்னு எழுதி வச்சா, பாக்குத சனம் யாரத் தூக்கன்னு கேக்கும்லா? வெளியூர்க்காரன் எவனாவது நெசமாவே கடப்பாரையோட வந்து நின்னா?"

"அர்த்தம் தமிழ்ல எழுதப்போறதில்ல வே. சேலான்னுதான் இருக்கும்."

"அப்போ பொருள் விளங்காத சொல்லு. முதல் பாதியில அடிபடுது. விளங்குனா ரெண்டாம் பாதியில அடிபடுது. நீரு எழுதுன விதிதான், ரெண்டு பக்கமும் நல்லாக் கூர் வச்சிருக்கீரு."

ஒரு உறுப்பினர் நிறுத்து என்பதுதான் சரி என்றார், கல்லூரியில் படிக்கும் தன் மருமகன் சொன்னதாக. இன்னொருவர் என்றென்றும் என்றார், யாரும் சொல்லாமலே. பேச்சு ஏறிக்கொண்டே போனது. தாவீது ராஜா உயிரோடு இருந்து அந்தப் பங்களாவுக்குள் வந்திருந்தால், பேசாமல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டிருப்பார்.

ஞானசிகாமணி ஐயர் மணியைப் பார்த்தார். அவருக்கு ஒரு வழி தோன்றியது. கிருபாபுரத்தில் தீராத வழக்கு எதுவானாலும் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடுவார்கள். கீதவாத்தியத்தை யார் வாசிப்பது, அசன விருந்தில் எந்தத் தெரு முதல் பந்தி, எல்லாம் சீட்டுத்தான்.

"சீட்டுப் போட்டிருவோமே."

"எதுக்கு ஐயா?"

"அர்த்தத்துக்கு."

அது அசட்டுத்தனம் என்று ஒருவருக்கும் படவில்லை. உலகத்துப் பண்டிதர்களுக்கெல்லாம் பிடிபடாத ஒன்றைத் தேவனிடமே கேட்டுவிடுவதில் என்ன தப்பு? இத்தனை நாள் எவருக்கும் இது தோன்றாததுதான் அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"மத்தியாவ அப்போஸ்தலனாத் தெரிஞ்சதே சீட்டுலதான்" என்றார் ஐயர், தன் யோசனையில் தானே தெம்பாகி.

"யோனாவக் கடல்ல தூக்கிப் போட்டதும் சீட்டுலதான்" என்றார் வன்னியராஜ். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

பழைய காலண்டர் தாளைக் கிழித்து, உயர்த்துக, நிறுத்துக, என்றென்றும் என்று எழுதி, மடித்து, காணிக்கைப் பையில் போட்டார்கள். ஐயர் ஜெபித்தார். சத்தியநேசன் கண்ணை மூடிக்கொண்டு, உயர்த்துக வர வேண்டும் என்று வேண்டினார். அது வந்தாலும் வன்னியராஜ் விடப்போவதில்லை என்பது தெரியும். இருந்தாலும் வாழ்நாள் பழக்கம். எந்தக் கட்சியிலும் சேராத ஆள் வேண்டும் என்று ஐயரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், எதற்கு என்றுகூடக் கேட்காமல் கையைத் துடைத்துவிட்டுப் பைக்குள் விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஐயர் பிரித்தார். "நிறுத்துக."

கல்லூரி மருமகனின் மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆக, அர்த்தம் தெரிஞ்சுபோச்சு" என்றார் வன்னியராஜ். "இனி பொருத்தம். கல்லறையில நிறுத்துன்னா என்ன ஐயா? செக்போஸ்ட்டா அது? சாரே என்ன எழுதியிருக்காருன்னு கேளுங்க." சட்டைப்பையிலிருந்து மடித்த பத்திரிகையை எடுத்தார். அன்று கட்டுரை வந்தபோது ஊர் முழுக்க சத்தியநேசன் இனாமாகக் கொடுத்த பிரதிகளில் ஒன்று. "'இதை நிறுத்தம் என்று கொள்வோர் வெறும் அடுக்களை வியாக்கியானிகளே.' ஆரு சார் அந்த அடுக்களை வியாக்கியானிக? நாங்கதான?"

சிரிப்பு எழுந்தது. சத்தியநேசனும் சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

"நீங்க இல்ல வே" என்றார். "எம் பொண்டாட்டி."

பிறகு சொன்னார். கட்டுரைத் தமிழ் போய்விட்டது. வேர்ச்சொல், கிரேக்கம் எல்லாம் போய்விட்டன. சங்கீதத்தைப் பார்த்துக் குழம்பு வைத்ததைச் சொன்னார், வெறும் சோற்றைத் தின்றதைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சொதி வைத்த நாளைச் சொன்னபோதும் ஒருவர் பழக்க தோஷத்தில் சிரிக்கத் தொடங்கி, பக்கத்திலிருந்தவர் தொடையைத் தட்டியதும் நிறுத்தினார்.

"நான் சத்தத்த ஒசத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ அதுல எந்திச்சிப் போனா. அவ சொன்னதுதான் சரின்னு இப்போ சீட்டுலயும் வந்திட்டு. கட்டுரை தப்பு. எழுதிக்கிடுங்க."

ஐயரம்மா கதவோரம் வந்து நின்றிருந்தாள். உள்ளே ஏதோ பொங்கி அடுப்பில் வழிந்த சத்தம் கேட்டும் அவள் போகவில்லை.

வன்னியராஜ் பத்திரிகையை இருந்த மடிப்பிலேயே திரும்ப மடித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"அப்போ அர்த்தம் நிறுத்துன்னு இல்ல சார்" என்றார் கடைசியில், எரிச்சலாக. "நிறுத்துன்னா நிறுத்துனது நிறுத்துனதுதான். தங்கபுஷ்பம் மதினி எந்திச்சிப் போனது அப்பிடியா? இரு, வாரேன்னுல்லா போயிருக்கா. அதான அர்த்தம்?"

சத்தியநேசன் தலையை ஆட்டினார்.

"அது கல்லறைக்குப் பொருத்தந்தான்" என்று வன்னியராஜ் ஐயரைப் பார்த்து, சண்டைக்கு வருகிறவர்போலச் சொன்னார். "இதுல எவனுக்காவது ஆட்சேபனை இருந்தா இப்பமே சொல்லிரட்டும்."

யாருக்கும் இல்லை. செயலாளர் என்ற முறையில் அவரே குறிப்பு எழுதினார்: 'சேலா என்னும் எபிரேயச் சொல்லுக்கு, இரு வாரேன் என்று பொருள் என இக்கமிட்டி ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. இனி சபையில் சங்கீதம் வாசிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்தி வாசிக்க வேண்டும்.' எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடாமல் கேட்டார்.

"அப்போ எங்க அய்யா கல்லுல?"

"மில் அதிபர்னே வெட்டிக்கிடும் வே" என்றார் சத்தியநேசன்.

"பரலோகத்துல நெல்லு குத்தமாட்டாவன்னு சொன்னீரு."

"நமக்கு எப்பிடி வே தெரியும்?"

முத்துமாலை மறுநாளே வெட்டி முடித்தான். கல்லை மாட்டுவண்டியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

முதலாம் ஆண்டு ஜெபம் அக்னி வெயிலில் வந்தது. நாக்பூரிலிருந்து மகள் வந்திருந்தாள். ஊரில் பாதிப்பேர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். தீர்மானத்தைக் கேள்விப்பட்டு, ஐயர் எப்படி வாசிக்கிறார் பார்ப்போம் என்று வந்தவர்களும் அதில் உண்டு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐயம்பெருமாள் பிள்ளையும் குடையோடு வந்து, சற்றுத் தள்ளி வேலிப்பூவரசு நிழலில் நின்றார். மற்றவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கல்லைச் சுற்றி நின்றார்கள்.

ஞானசிகாமணி ஐயர் நாற்பத்தாறாம் சங்கீதத்தை எடுத்தார். முதல் வசனம், இரண்டாம் வசனம், மூன்றாம் வசனம். "சேலா" என்றார். நிறுத்தினார்.

நிறுத்தவேண்டும் என்று தீர்மானம் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தீர்மானத்தில் இல்லை. அதைக் கமிட்டியில் யாரும் யோசிக்கவில்லை. ஐயர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் இருமினார். தூரத்தில் சேரன்மாதேவி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒரு கிழவி ஆமென் சொல்லிவிட்டு, சொன்னது தான் ஒருத்திதான் என்று தெரிந்து முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

ஐயர் மெல்லச் சாய்ந்து சத்தியநேசனின் காதருகே வந்தார்.

"சார், மேல வாசிக்கட்டுமா?"

சத்தியநேசன் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இருங்க ஐயா" என்றார்.

ஐயர் நிமிர்ந்து, புஸ்தகத்தைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார். ஊரும் நின்றது. வன்னியராஜ் மட்டும் சுடுமண்ணில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் செருப்பைத் தேடிப் போகவில்லை.